பிப்ரவரி கடைசி டிக்கெட்

ஜன்னல் சீட்டுதானே வேணும்? தாராளமா உள்ள போய் உக்காருங்க தம்பி. அது எங்க வீட்டம்மா சீட்டு. ஆள் வராது. யாரும் வந்து எழுப்ப மாட்டாங்க, நான் இருக்கேன்.

உடம்புக்கெல்லாம் ஒண்ணும் இல்ல. முன்னாடியே வேற விமானத்துல போய்ட்டா. அது ஒரு பெரிய கூத்து. சொல்றேன். கோலாலம்பூர் வரைக்கும் சும்மா உக்காந்து என்ன பண்ணப் போறோம்?

அதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்குறேன், தப்பா எடுத்துக்காதீங்க. டிக்கெட் எவ்வளவு ஆச்சு உங்களுக்கு?

அடக் கடவுளே. போய்த் திரும்பறதுக்கும் சேத்துத்தானே? போறதுக்கு மட்டுமா! படிச்ச பையனா இருக்கீங்க. எப்பப் போட்டீங்க? போன வாரமா. போன வாரம் போட்டா அப்படித்தான் தீட்டுவான். உங்களை மாதிரி ஆளுங்களை நம்பித்தான் அவன் கடையையே திறந்து வெச்சிருக்கான். கோவிச்சுக்காதீங்க, உங்களை மட்டும் சொல்லலை. அதோ, அட்டைப்பெட்டியை மேல திணிக்க முடியாம தடுமாறுறானே ஒருத்தன், அவன் உங்களைவிட அதிகம் குடுத்திருப்பான். முகத்திலேயே எழுதியிருக்கு. இந்த விமானத்துல சரியான விலைக்கு உக்காந்திருக்கிறவன் நான் ஒருத்தன்தான். பந்தயம் கட்டுறேன்.

என் பேரு திருஞானம். உறையூர். பதிவுத்துறையில தலைமை எழுத்தரா இருந்து ரிட்டயர் ஆனவன். ஊர்ல உள்ளவன் எல்லாம் வீடு வாங்கி வித்து ஏமாறுறதை உக்காந்த இடத்துலேருந்து வாழ்க்கை பூரா பாத்தவன். அதனால எனக்கு ஜனங்க மேல மரியாதை கொஞ்சம் கம்மி. ஒளிவுமறைவு இல்லாம சொல்லிடறேன்.

எங்க வீட்டம்மா பேரு செண்பகம். அவளுக்கு ஒரே ஒரு அக்கா, தையல்நாயகி. கோலாலம்பூர்ல செந்தூல்ங்கிற இடத்துல கட்டிக் குடுத்தாங்க. இவங்க அம்மா சின்ன வயசுலயே போய்ட்டதால அக்காதான் இவளைத் தலைவாரி, பள்ளிக்கூடத்துக்கு அனுப்பி, எல்லாம். நாகப்பட்டினத்துல அக்காவைக் கப்பல் ஏத்திவிட்டப்ப இவ மயக்கம் போட்டு விழுந்துட்டாளாம். இந்தக் கதையைக் கல்யாணமான புதுசுல எத்தனை தரம் சொல்லியிருப்பான்னு கேக்காதீங்க. கப்பல் போனா போகுது, அதுக்கு மயக்கம் எதுக்கு?

அந்த அக்காவுக்கு சிறுநீரகம் ரெண்டும் போயிடுச்சு. போன ஆடி மாசம் போன்ல பேசினப்ப, "ஒருதரம் வந்து பாத்துட்டுப் போயேன் செண்பகம்"னு சொல்லியிருக்கு. இவ போனை வெச்சுட்டு வந்து என் முன்னால நிக்கிறா.

"ஏங்க, அக்காவைப் பாக்கணும்ங்க."

நான் ஒண்ணும் கொடுமைக்காரன் இல்ல தம்பி. உடனே சொன்னேன், "போவோம். ஆனா புத்தியோட போவோம்"னு. வேற எவனாவது இருந்தா முடியாதுன்னிருப்பான். இல்லாட்டி மறுநாளே கடன் வாங்கிக்கிட்டு ஓடியிருப்பான். நான் ரெண்டும் பண்ணலை. உக்காந்து திட்டம் போட்டேன்.

அந்தத் திட்டத்தைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லணும். காலையில காப்பி குடிக்கிறதுக்கு முன்னாடி போன்ல விலையைப் பாப்பேன். தினமும். எந்த மாசம் ஏறுது, எந்தக் கிழமை இறங்குதுன்னு எனக்கு அத்துபடி. யூடியூப்ல பயலுங்க இருக்கானுங்களே, தொப்பியைத் திருப்பிப் போட்டுக்கிட்டு "குறைஞ்ச செலவுல மலேசியா"ன்னு கத்துறானுங்க. அவன் சொல்ற குறைஞ்ச செலவுல எங்க தெருவுல ஒரு காதுகுத்து நடத்தலாம். ரெட்டைக் கோபுரத்து மேல ஏறப் பணம் கட்டுறான் ஒருத்தன். ஏன்யா, கோபுரத்து மேல ஏறினா கோபுரம் எப்படிய்யா தெரியும்? கீழ நின்னு பாத்தாத்தானே தெரியும்? கீழ நிக்கிறதுக்குக் காசு கிடையாது. இதைக்கூட யோசிக்கத் தெரியாதவன் அடுத்தவனுக்கு வழி சொல்றான், அதை லட்சம் பேர் பாக்குறான்.

தீபாவளி சமயம் கூடாது. பள்ளிக்கூட லீவுல கூடாது. தைப்பூசத்துக்குப் பத்துமலையில கூட்டம் அள்ளும், விலை உச்சியில நிக்கும், கூடவே கூடாது. அப்புறம் சீனப் புதுவருஷம். அது முடிஞ்சதும் ஊரே காத்தாடும் பாருங்க, பிப்ரவரி கடைசி, அதுதான் சரியான நேரம். செப்டம்பர்ல ஒரு தள்ளுபடி விட்டான். நான் வலை விரிச்சு உக்காந்திருந்தவன், டபக்குனு ரெண்டு டிக்கெட்டைப் பிடிச்சுட்டேன். பணம் திரும்பக் கிடைக்காது, தேதி மாத்த முடியாது. அந்த மாதிரி டிக்கெட்தான் மலிவு. மனசு மாறுறவங்களுக்குத்தான் மத்த டிக்கெட்.

வேண்டாம்மா, எங்களுக்கு ஒண்ணும் வேண்டாம். தம்பி, நீங்களும் வாங்காதீங்க. கப்புல சுடுதண்ணி ஊத்தி நூடுல்ஸ் குடுப்பா, நம்ம ஊர்ல அந்தக் காசுக்கு ரெண்டு பேர் சாப்பாடு சாப்பிடலாம். என்கிட்ட புளிசாதம் இருக்கு. மெஸ்ஸுலதான் வாங்கினது, அவ்வளவு நல்லா இருக்காது. எண்ணெயே ஊத்தலை, களவாணி.

எங்க விட்டேன்? டிக்கெட். டிக்கெட் போட்டாச்சுன்னு சொன்னதும் இவ விரலை விட்டு மாசத்தை எண்ணுறா. "பிப்ரவரியா? அவ்வளவு நாள் ஆகுமே"ங்கிறா. நான் சொன்னேன், "உங்க அக்கா எங்க ஓடிப் போகப் போகுது? வாரத்துக்கு மூணு தரம் ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தம் சுத்தம் பண்ணிக்கிட்டு அங்கதானே இருக்கும்?"

அப்புறம் ஒருநாள், "ரூம் எதுக்குங்க? அக்கா வீட்லயே தங்கிடலாமே"ன்னா.

இந்த இடத்துல நான் சிக்கனம் பாக்கலை தம்பி, கவனிச்சுக்குங்க. நானும் மானம் உள்ளவன். அந்த வீட்டுல நான் தங்க மாட்டேன். என் சகலை, அதாவது அந்த அக்கா புருஷன், சிதம்பரநாதன்னு பேரு, செந்தூல்ல டயர் கடை வெச்சிருந்தார். ஆள் போய்ச் சேந்து ஆறேழு வருஷம் ஆச்சு. செத்தவரைப் பத்தி சொல்லக் கூடாது. ஆனா சொல்லாம எப்படி இருக்கிறது? என் வீட்டுப் புதுமனை புகுவிழாவுக்கு மலேசியாவுலேருந்து வந்தார். வீட்டைச் சுத்திப் பாத்தார். எல்லார் முன்னாடியும், "வீடு சின்னதா, அடக்கமா இருக்கு சகலை"ன்னார். சின்னதா! அடக்கமா! நான் அந்த வீட்டுக்கு ஒவ்வொரு செங்கலையும் தட்டிப் பாத்து வாங்கினவன். டயர் விக்கிறவருக்கு வீட்டைப் பத்தி என்ன தெரியும்? அன்னிக்கு முடிவு பண்ணினேன், அவர் வீட்டுத் தண்ணி என் தொண்டையில இறங்காதுன்னு. அவர் நல்ல மாதிரியாத்தான் சொன்னாருன்னு இவ இன்னிக்கு வரைக்கும் சாதிக்கிறா. இவளுக்கு யார் பேசினாலும் நல்ல மாதிரிதான்.

அதனால ரூம் போட்டேன். ஊரைப் பாக்குற வேலையை ஒழுங்கு பண்ணினேன். பத்துமலை, கோபுரம், பழைய ரயில் நிலையம், எல்லாம் காசில்லாம பாக்குற இடமா எடுத்து, நடுவுல ஒரு மத்தியானம் அக்கா வீடு. இவ அந்தத் தாளைப் பாத்துட்டு, "அக்காவுக்கு ஒரு மத்தியானமா?"ன்னா. "நோயாளியை ரொம்ப நேரம் தொந்தரவு பண்ணக் கூடாது"ன்னேன். சரிதானே? டாக்டரே அப்படித்தான் சொல்வார்.

டிசம்பர்ல ஒரு ஒத்திகை வெச்சேன். சிரிக்காதீங்க. பையை ஒத்திகை பாக்காமப் போறவன்தான் விமான நிலையத்துல நின்னு கூடுதல் எடைக்குப் பணம் கட்டுறான். கையில எடுத்துட்டுப் போற பை ஏழு கிலோதான். தொங்கவிட்டு எடை பாக்குற தராசு ஒண்ணு வாங்கினேன். இவ பையை மாட்டினா முள்ளு எங்கயோ போய் நிக்குது. திறந்து பாத்தா சேலை ரெண்டுதான் இருக்கு, மிச்சமெல்லாம் அக்காவுக்கு. முறுக்கு, வடகம், ஒரு பெரிய பாட்டில்ல நார்த்தங்காய் ஊறுகாய். பாட்டில் கண்ணாடி வேற. எடுத்து வெளிய வெச்சேன்.

"அக்கா வாய்க்கு ருசியா கேட்டுச்சுங்க."

"சிறுநீரகம் போனவங்களுக்கு உப்பு ஆகாது. உங்க அக்காவைக் கொல்லவா போறே?"

நியாயமா இல்லையா? மருத்துவ ரீதியா நான் சொன்னது நூத்துக்கு நூறு. இவ அந்தப் பாட்டிலை எடுத்துட்டுப் போய் அடுக்களை அலமாரியில வெச்சா. நான் மறுபடி எடை போட்டேன். ஆறரை கிலோ. கச்சிதம்.

எங்களுக்குப் பிள்ளை குட்டி கிடையாது. அது ஒரு வகையில மிச்சம்தான். என் கூட வேலை பாத்தவன் எல்லாம் பேரன் பேத்திக்கு ஃபீஸ் கட்டியே ஓட்டாண்டி ஆயிட்டான். அந்த அக்காவுக்கு ஒரே பொண்ணு, கோமளா. அங்க ஒரு பள்ளிக்கூடத்துல டீச்சர். இவளைச் சித்தி சித்தின்னு உசிரை விடும். ஞாயித்துக்கிழமையானா ரெண்டும் போன்ல மணிக்கணக்கா பேசும். என்னதான் பேசுவாங்களோ. நான் பக்கத்துல போனா பேச்சு நின்னுடும்.

அந்தக் கோமளா மார்கழி மாசம் என் நம்பருக்குக் கூப்பிட்டா. வழக்கமா என்கிட்ட பேச மாட்டா.

"சித்தப்பா, அம்மாவுக்கு ரொம்ப முடியல. ஊசி குத்தக் கையில இடமே இல்லை, போதும்னு சொல்லுது. சித்தி கொஞ்சம் முன்னாடி வர முடியுமா? டிக்கெட் நான் போட்டுடறேன், நீங்க கவலைப்படாதீங்க."

பாத்தீங்களா வார்த்தையை? நீங்க கவலைப்படாதீங்களாம்! அப்பன் புத்தி. நான் என்ன டிக்கெட் போட வக்கில்லாதவனா? ஏற்கனவே போட்டு வெச்சிருக்கேன். அமைதியாத்தான் சொன்னேன். "பிப்ரவரி கடைசிக்கு டிக்கெட் இருக்கும்மா. இப்போ டிசம்பர் முடியப் போகுது. கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள வந்துடும். அம்மாவைத் தைரியமா இருக்கச் சொல்லு."

"அம்மாகிட்ட அப்படிச் சொல்ல முடியாது சித்தப்பா"ன்னா. வெச்சுட்டா. மரியாதை தெரியாத பொண்ணு.

செண்பகத்துகிட்ட நான் சொல்லலை. எதுக்குச் சொல்லணும்? சொன்னா அழுவா. அழுதா தேதி மாறுமா? மாறாது. அப்போ அவளை ரெண்டு மாசம் நிம்மதியா விட்டேன். ஒரு புருஷன் அதுக்கு மேல என்ன செய்வான்?

இவ தானாவே தெரிஞ்சுக்கிட்டா. பொங்கல் முடிஞ்சு கொஞ்ச நாள். மத்தியானம், நான் பேப்பர் படிச்சுட்டு இருக்கேன். அடுக்களையிலேருந்து போனைக் கையில பிடிச்சுக்கிட்டு வர்றா.

"கோமளா மார்கழியிலயே உங்ககிட்ட பேசினாளாமே."

"ஆமா, பேசினா."

"என்கிட்ட சொல்லலையே."

"சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பே?"

"போயிருப்பேன்."

இதுதான் பதில். போயிருப்பேன்! பஸ் ஏறி ஸ்ரீரங்கம் போற மாதிரி. நான் சிரிச்சேன். அவ அழலை. அது எனக்கே ஆச்சரியம். அப்புறம் உள்ள போய் அடுப்பை அணைச்சா. உலை கொதிச்சுட்டு இருந்தது, அப்படியே அணைச்சுட்டா. சேலையை மாத்திக்கிட்டு, குடையை எடுத்துக்கிட்டு, வெளிய போய்ட்டா. நான் அன்னிக்கு வேகாத சோத்தைத்தான் தின்னேன் தம்பி. ரெண்டு வாய் தின்னுட்டு கொட்டிட்டேன். அரிசி என்ன விலை விக்குது?

பொழுது சாயற நேரம் வந்தா.

"டிக்கெட் வாங்கிட்டேங்க. நாளைக்குக் காலையில கிளம்பறேன்."

"எங்க வாங்கினே?"

"சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஒரு டிராவல்ஸ்ல."

டிராவல்ஸ்! கழுத்துல டை கட்டிக்கிட்டு, ஊதுபத்தி கொளுத்தி வெச்சுக்கிட்டு, வர்றவன் மடியைப் பாத்து விலை சொல்ற இடம். அதுவும் தைப்பூச சமயம். நாளைக்குக் காலையில பயணம். இதைவிட மோசமான நேரத்துல எவனும் டிக்கெட் வாங்கியிருக்க முடியாது. நான் நாலு மாசமா பாடமா நடத்தியிருக்கேன் இவளுக்கு.

"எவ்வளவு குடுத்தே?"

"அவர் கேட்டாரு, குடுத்தேன்."

"எவ்வளவுன்னு கேக்குறேன்."

"ஞாபகம் இல்லைங்க."

ஞாபகம் இல்லையாம்! இந்தப் பொம்பளையோட முப்பத்தஞ்சு வருஷம் குடும்பம் நடத்தியிருக்கேன். கையைப் பாத்தேன், வளையல் ரெண்டும் இல்ல. எங்க கல்யாணத்துக்கு அவங்க அக்கா போட்டது. அதையும் வித்திருக்கா. தங்கம் ஏறிக்கிட்டே போற சமயம் தம்பி. ஒரு மாசம் பொறுத்திருந்தா இன்னும் கூடக் கிடைச்சிருக்கும். வாங்குறதும் தப்பான நேரம், விக்கிறதும் தப்பான நேரம்.

மறுநாள் காலையில பீரோவைத் திறந்து அவ பாஸ்போர்ட்டை எடுத்தா. நான் தடுக்கலை. நான் தடுத்தேன்னு யாரும் சொல்லிடக் கூடாதுல்ல. பெரிய பெட்டி, எடைக்குத் தனியா பணம் கட்டி எடுத்துட்டுப் போறா. முறுக்கு, வடகம், ஊறுகாய் பாட்டில், எல்லாம். "நான் வந்து விடணுமா?"ன்னு கேட்டேன். "வேண்டாங்க, ஆட்டோ சொல்லிட்டேன்"ன்னா. அதுவும் வாசல்ல நிக்குது. எங்க தெருமுனையிலேருந்து விமான நிலையத்துக்கு பஸ் போகுது. பஸ்! படி இறங்கும்போது திரும்பி, "பால் உறை ஊத்தியிருக்கேன்"ன்னா. அவ்வளவுதான்.

அக்கா இவளை அடையாளம் கண்டுக்குச்சாம். கோமளாதான் சொன்னா. சிகிச்சையை நிறுத்திட்டு வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துட்டாங்க. அதனால டாக்டர் எதை வேணா குடுங்கன்னுட்டாராம். இவ ரசஞ்சாதம் கரைச்சு, அந்த ஊறுகாயைத் துளி தொட்டு நாக்குல வெச்சிருக்கா. நாலு நாளா எதுவும் இறங்காத தொண்டையில கிண்ணம் சோறு இறங்கிச்சாம். தினமும் தலை வாரி விட்டாளாம். ரெண்டு பேரும் ஒரே கட்டில்ல படுத்துக்கிட்டு ஏதோ சின்ன வயசுப் பாட்டெல்லாம் பாடினாங்களாம். "அம்மா இப்படிச் சிரிச்சு நான் பாத்ததே இல்லை சித்தப்பா"ன்னு கோமளா போன்ல அழுவுறா. சிரிச்சதுக்கு எதுக்கு அழறா? அந்தக் குடும்பமே அப்படி.

நான் வாட்ஸ்அப்ல இவகிட்ட பேசுவேன். செலவில்லாதது. "அக்கா இன்னிக்கு எழுந்து உக்காந்துச்சுங்க"ம்பா. சந்தோஷம். ஆனா ஒருநாளாவது, நீங்க என்ன சாப்பிட்டீங்கன்னு கேட்டாளா? கேக்கலை. மெஸ்ஸுல சாப்பிட்டு எனக்கு வயித்துக் கடுப்பு. அவ உறை ஊத்தின தயிர் புளிச்சு, கடைசியில அதையும் ஊத்திட்டேன்.

தைப்பூசம் முடிஞ்ச அடுத்த வாரம் அக்கா போயிடுச்சு. தூக்கத்திலயே. இவ பக்கத்துல படுத்திருக்கா, கையைப் பிடிச்சுக்கிட்டு.

இப்போ நீங்களே சொல்லுங்க தம்பி. பத்துப் பன்னெண்டு நாள். அந்தப் பத்துப் பன்னெண்டு நாளுக்காக வளையலை வித்து, டிராவல்ஸ்காரனுக்கு அள்ளிக் குடுத்து, போட்டு வெச்சிருந்த டிக்கெட்டை வீணாக்கி... என்ன லாபம்? அக்கா பிழைச்சுதா? இவ போனாலும் போகலைன்னாலும் நடக்கிறது நடந்திருக்கும். நான் கணக்கோட பேசுறேன். உங்க முகம் ஏன் இப்படிப் போகுது? எல்லாரும் இப்படித்தான் பாக்குறாங்க. எங்க எதிர்வீட்டுக்காரர்கூட ஒருமாதிரிதான் பாத்தார். கணக்குன்னா ஜனங்களுக்கு ஆகாது.

காரியத்துக்கு வரச் சொல்லி கோமளா கேட்டா. போக வேண்டிய முறைதான். ஆனா விலையைப் பாத்தேன், கை கூசாம எழுதியிருக்கான். என்கிட்ட மாசக் கடைசிக்கு டிக்கெட் இருக்கு. அக்காவுக்கு நான் எப்போ வந்தேன்னு தெரியவா போகுது? "திட்டப்படியே வர்றேம்மா"ன்னேன். "சரிங்க சித்தப்பா"ன்னா. இந்தத் தடவை மரியாதையாத்தான் சொன்னா.

செண்பகத்துகிட்டயும் பேசினேன். "நடந்தது நடந்துடுச்சு. நான் வர்றேன். ஊரைப் பாத்துட்டு ரெண்டு பேரும் சேந்து திரும்பிடலாம். திரும்பற டிக்கெட் உனக்கும் அப்படியேதான் இருக்கு"ன்னேன்.

"ம்"ன்னா.

அந்த 'ம்'முக்கு சரின்னு அர்த்தம். எங்க வீட்ல அதுக்கு வேற அர்த்தம் இருந்ததே கிடையாது.

இறங்கிட்டானா? பாருங்க, பாருங்க, கதவே திறக்கலை, அதுக்குள்ள அத்தனை பேரும் கழுத்தை வளைச்சுக்கிட்டு நிக்கிறதை. மந்தை. நாம உக்காந்திருப்போம்.

என் பின்னாடியே வாங்க தம்பி. பாஸ்போர்ட்டுல முத்திரை குத்துற வரிசை இதுதான். இந்த ஊர்ல முப்பது நாள் விசா இல்லாம இருக்கலாம். அதுக்கு மேல ஒரு நாள்கூடக் கூடாது. அவளுக்கு நாளையோட முடியுது, அதனாலதான் நான் வர்றது சரியா இருக்கு. இருங்க, இங்க வைஃபை இலவசம். வந்து சேந்துட்டேன்னு சொல்லிடறேன். அந்த வீட்டுக்கு நான் போக மாட்டேன், அவளைத்தான் ரூமுக்கு வரச் சொல்லணும். ரயில் எங்க மாறணும்னு நான் சொல்றேன், அவளுக்குத் தெரியாது.

எடுக்கலை.

கோமளா ஏதோ குரல்பதிவு அனுப்பியிருக்கா. காதுல வெச்சா எனக்குச் சரியா கேக்காது, வெளியவே போடுறேன். உங்களுக்குக் கேக்குதா?

"சித்தப்பா, வந்து சேந்துட்டீங்களா? நானும் சித்தியும் ஹாட்யாய் போற வழியில இருக்கோம். தாய்லாந்து. சித்திக்கு முப்பது நாள் முடியுதுல்ல, எல்லையைத் தாண்டிட்டுத் திரும்ப வந்தா மறுபடி இருக்க விடுவாங்க. அம்மாவோட முப்பதாம் நாள் படையலுக்கு இருந்துட்டு, அப்புறமும் கொஞ்ச நாள் என் கூட இருக்கேன்னு சொல்லியிருக்கு. நீங்க வர்றீங்களேன்னு கேட்டேன் சித்தப்பா. அவர் ஊரைப் பாக்கத்தான் வர்றார், நல்லா பாத்துட்டுப் போகட்டும்னு சொல்லுச்சு. சிக்னல் போகுது, வெச்சிடறேன்."

இன்னொரு தரம் போடுறேன். இருங்க.

பின்னாடி ஒரு சிரிப்பு கேக்குதே, அது யாரு? கோமளா பேசிட்டு இருக்கா, அப்போ அவ இல்ல. பக்கத்துல யாரோ சத்தமா சிரிக்கிறாங்க. செண்பகமா? அவ அப்படிச் சிரிக்க மாட்டாளே. வேற யாராவது பயணியா இருக்கும்.

தாய்லாந்து! கேட்டீங்களா கூத்தை! போன மாசம் வரைக்கும் திருச்சியை விட்டுத் தாண்டாதவ. இங்கயும் விசாவைப் போய்க் கேட்டு நீட்டிக்க வழி இருக்கும், எல்லை வரைக்கும் போகிற செலவென்ன, வர்ற செலவென்ன... திட்டம் இல்லை தம்பி, அதான் பிரச்சனை. திட்டம் இல்லாதவங்க இப்படித்தான் நாடு நாடா அலையணும். அலையட்டும். எனக்கென்ன? நான் எனக்குப் போட்டபடி ஊரைப் பாத்துட்டுப் போறேன். ஏழு நாள். சாவகாசமா. கூட ஆள் இருந்தா நின்னு நின்னுதான் வரணும், கால் வலிக்குதும்பா, தண்ணி வேணும்பா.

உங்க முறை வந்துடுச்சு, முன்னாடி போங்க. அந்தப் பக்கம் நிக்கிறேன்.

முடிஞ்சுதா? உங்க நண்பர் கல்யாணம் பினாங்குலன்னு சொன்னீங்கல்ல? நாளைக்குத்தானே பஸ்? அப்போ இன்னிக்கு ராத்திரி இங்கதான் தங்கணும். எங்க தங்குறீங்க? ஹோட்டல் போட்டுட்டீங்களா? போட்டிருப்பீங்க, எவ்வளவோ அள்ளிக் குடுத்து. ரத்து பண்ணிடுங்க. என் ரூம்ல ரெண்டு கட்டில் இருக்கு. ஜன்னல் கிடையாது, ஆனா சுத்தமா இருக்கும்னு போட்டிருக்கான். பாதி வாடகை குடுத்தாப் போதும்.

யோசிக்கிறீங்களா? கால்வாசி குடுங்க.

சரி, வாடகையே வேண்டாம் தம்பி. சும்மா வாங்க. புளிசாதம் ரெண்டு பேருக்கு இருக்கு.